அசாய் (அமேசான் பக்கத்து ஒரு பனை வகையோட கருப்புப் பழம்), கரும்பு ஜூஸ்ல பார்பெய்ரோ பூச்சி விழாம பாத்துக்கிறது எப்படி

பிரேசில்ல சாகஸ் நோய், அதாவது பார்பெய்ரோங்கிற ரத்தம் உறிஞ்சுற பூச்சி பரப்புற ஒட்டுண்ணி நோய், பூச்சியால நேரா மட்டும் இல்ல ஜூஸ் வழியாவும் வருது, 2005ல சான்டா கேடரினாவுல கரும்பு ஜூஸ் குடிச்சே பலருக்கு வந்து சிலர் இறந்துபோனாங்க. பார்பெய்ரோ ராத்திரில வெளிச்சத்தத் தேடி பறந்து வரும், அதனால மெஷினுக்கு மேலயே பல்பு மாட்டாதீங்க, கரும்பு, அசாய் கூடை எல்லாத்தையும் மூடி வைங்க. அசாய சல்லடைல கொட்டி கையால கிளறிப் பாருங்க, கருப்புப் பழத்துக்கு நடுவுல பூச்சி கண்ணுக்குத் தப்பிடும், சேத்து அரைச்சுட்டா அதோட குடல்ல இருக்குற ஒட்டுண்ணி மொத்த ஜூஸ்லயும் கலந்துடும். அசாய் பழத்த நல்லா அலசிட்டு 80 டிகிரி தண்ணில 10 செகண்ட் முக்கி எடுத்து உடனே குளிர்ந்த தண்ணில போடுங்க, இத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. ஃப்ரீசர்ல வச்சா ஒட்டுண்ணி செத்துடும்னு நம்பவே கூடாது. குடிச்சவங்களுக்கு விடாம காய்ச்சல், முகத்துல வீக்கம்னா டாக்டர்ட்ட ஜூஸ் குடிச்சதையும் சேத்தே சொல்லுங்க, சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்து நல்லா வேலை செய்யும்.