கடைசிக்காலச் சிகிச்சை: தோட்டத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் பெரியவருக்கு வந்த நோய் தெருவுக்கே தெரிந்திருக்கும். அவருக்கு மட்டும் தெரியாது. “சொன்னால் உடைந்துபோவார்” என்பார்கள். மருத்துவர் மலாய் மொழியில் சொன்ன புற்றுநோயைப் பேரன் “சின்னக் கட்டி, தாத்தா” என்று மாற்றிச் சொல்கிறான். என்னைக் கேட்டால், மற்றத் தவறுகளெல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. நோயே தெரியாதவரிடம் குழாய் வழி உணவு வேண்டுமா, மூச்சுக் கருவி வேண்டுமா என்று எப்படிக் கேட்பது? தீபாவளி கழியட்டும், தைப்பூசம் முடியட்டும் என்று தள்ளிப்போட்ட பேச்சு, அவர் நினைவிழந்த பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உடன்பிறந்தோர் சண்டையாகிறது.

பேரப்பிள்ளையை நம்பாமல், தமிழ் பேசும் மருத்துவரோ தாதியோ இருக்கிறாரா என்று கேளுங்கள். “எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?” என்று முதலில் பெரியவரையே கேட்கலாம். “என் மகளிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்” என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான்.

அடுத்தது மூத்த மகன் விவகாரம். கொள்ளி வைக்கும் உரிமை வேறு, சிகிச்சையைப் பற்றிப் பேசும் தகுதி வேறு. தினமும் மருந்து கொடுத்துக் குளிப்பாட்டும் மகளை ஒதுக்கிவிட்டு, சிங்கப்பூரிலிருந்து அன்று காலை வந்திறங்கியவரிடம் கேட்பது நியாயமில்லை.

தம் சார்பில் முடிவெடுக்க ஒருவருக்குப் “பவர் எழுதிக் கொடுத்தாயிற்று” என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. மலேசியாவில் எழுதிக் கொடுத்தவர் மனத்திறன் இழந்தால் அந்த அதிகாரப் பத்திரம் செல்லாது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்பத்துக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் தெளிவாக எழுதிய விருப்பத்தை மதிக்கும்படி மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி மருத்துவர்களிடம் சொல்கிறது. எனவே எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியை மருத்துவக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மார்ஃபின் என்றாலே கதை முடிந்தது என்ற பயமும் வீண். சரியான அளவில் கொடுத்தால் அது வலியைத்தான் தணிக்கிறது. கடைசி நாள்களில் பசி அற்றுப்போவது இயல்பு, “பட்டினியோடு அனுப்பலாமா?” என்று கஞ்சியை ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். உதட்டை நனைத்தால் போதும்.

வீட்டில்தான் உயிர் பிரிய வேண்டும் என்பது பலரது ஆசை. ஆனால் எந்த வீடு? தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். மகன் வீடா, மகள் வீடா என்பதை முன்பே பேசிவிடுங்கள். வீட்டில் இறந்தால் அடக்க அனுமதிக்கு எங்கே போக வேண்டும் என்பதையும் முன்பே கேட்டுவையுங்கள். மருத்துவமனைக் கடிதங்களையும் அடையாள அட்டையையும் ஒரே உறையில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்காவது சொல்லிவையுங்கள்.