பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

சக்கரம் வைத்த பெட்டி வாங்கக் கடைக்குப் போனால், விற்பனையாளர் முதலில் பெட்டியை மல்லாத்தித் திறந்து, உள்ளே இருக்கும் துணிப் புறணியையும் வலைப் பைகளையும் காட்டுவார். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பிறகு, பெட்டியை மூடித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பார்க்க வேண்டும். மாதத்தில் மூன்று நான்கு முறை சென்னைக்கும் கோவைக்கும், ஆண்டில் சில முறை வெளிநாட்டுக்கும் போய்வரும் வேலை எனக்கு. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு பெட்டிகளைத் தீர்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட ஓடு உடைந்து வீணாகவில்லை. இரண்டு பெட்டிகள் சக்கரத்தால் போயின. ஒன்றில் இழுக்கும் கைப்பிடி உள்ளே இறங்க மறுத்தது. இன்னொன்றில் ஜிப் வாயைத் திறந்துகொண்டது. ஆகவே அடிக்கடி பயணம் செய்கிறவர் பெட்டியை அடியிலிருந்து மேலாகப் பரிசோதிப்பதே முறை. நிறமும் வடிவமும் கடைசியில் வரலாம்.

சக்கரத்தில் எழும் முதல் கேள்வி, இரண்டா நான்கா என்பது. 1970-இல் பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர், அகலவாக்கில் நின்ற பெரிய பெட்டியின் அடியில் நான்கு சிறு சக்கரங்களைப் பொருத்தி, வார் ஒன்றைக் கட்டி இழுக்கும்படி செய்தார். 1972-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கன்றுக்குட்டியைக் கயிற்றில் இழுப்பதுபோல இழுக்க வேண்டியிருந்த அந்தப் பெட்டி, திருப்பங்களில் எளிதில் சாய்ந்தது. 1987-இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இரண்டே சக்கரங்களும் நீளும் கைப்பிடியும் வைத்த பிறகுதான் இன்று நாம் இழுக்கும் பெட்டி உருவாகியது. எல்லாப் பக்கமும் சுழலும் நான்கு சக்கரப் பெட்டி அதற்கும் பிந்தையது. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பதும் அதுதான்.

விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் நான்கு சக்கரப் பெட்டிக்கு ஈடில்லை. கைக்குப் பாரமே தெரியாமல் பக்கத்தில் நடந்து வரும். ஆனால் எழும்பூர் நிலையத்துக்கு வெளியே உள்ள நடைபாதையிலோ, பேருந்து நிலையத்தின் சரளைத் தரையிலோ அதே பெட்டி தடுமாறுகிறது. ஓடும் ரயிலில் பிடித்துக்கொள்ளாவிட்டால் தானாகவே அடுத்த ரயில்பெட்டிவரை போய்விடும். சுழலும் சக்கரங்கள் ஓட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால், சரக்கு ஏற்றும்போது விழும் அடியை முதலில் வாங்குவதும் அவைதான். இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரங்கள் மூலைக்குள் பாதி புதைந்திருப்பதால் அவற்றுக்கு அந்த ஆபத்து குறைவு. அச்சு ஒரே திசையில் சுழல்வதால் மேடுபள்ளத்தையும் எளிதாகத் தாண்டும். பயணத்தில் பாதிக்கு மேல் ரயிலும் பேருந்துமாக இருப்பவர் இரண்டு சக்கரத்தையும், விமானத்திலேயே போய் வாடகை வண்டியில் ஏறுகிறவர் நான்கு சக்கரத்தையும் எடுப்பது நல்லது என்பது என் கருத்து. கடைக்காரர் இரண்டு சக்கரப் பெட்டியைப் பழைய மாதிரி என்று ஒதுக்கினாலும் கேட்டு வாங்குங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது சக்கரம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. கவிழ்த்து வைத்த பெட்டியில் சக்கரக் கூட்டைத் திருகாணிகள் பிடித்திருக்கின்றனவா, ரிவெட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். திருகாணியாக இருந்தால் ஊரிலுள்ள பை பழுதுபார்க்கும் கடையிலேயே கால் மணி நேரத்தில் சக்கரத்தை மாற்றிவிடலாம். ரிவெட் என்றால் அதைக் குடைந்து எடுக்க வேண்டும், எடுக்கும்போது ஓடும் சேர்ந்து விரிசல் விடலாம். சில பெட்டிகளில் திருகாணிகள் உட்புறத்தில், புறணிக்கு அடியில் இருக்கும். அந்த இடத்தில் புறணியைத் திறக்க ஒரு ஜிப் வைத்திருந்தால், பழுதுபார்ப்பதைப் பற்றி யோசித்துச் செய்த பெட்டி என்று பொருள். அடுத்து ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிவிட வேண்டும். பேரிங் உள்ள சக்கரம் சத்தமில்லாமல் சில நொடிகள் சுழன்று நிற்கும்; வெறும் அச்சில் மாட்டிய மலிவான சக்கரம் கரகரத்துச் சட்டென நின்றுவிடும். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் சிறிதளவு அசையலாம். கடகடவென்று ஆடக் கூடாது. ஒரு மூலையில் ஒற்றைச் சக்கரத்துக்குப் பதில் இரட்டைச் சக்கரம் இருந்தால் பாரம் பகிர்ந்து விழும். விட்டம் பெரிதாக இருந்தால் தளக்கல் இடுக்குகளில் மாட்டாது.

இங்கே நம் ஊர்க்காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெத்தென்று ஓசையில்லாமல் ஓடும் சக்கரங்களின் மேலுறை பெரும்பாலும் பாலியூரித்தேனால் ஆனது. அதில் சில வகைகள் ஈரக்காற்றில் நீண்டகாலம் கிடந்தால் மெல்லச் சிதைந்து, பரணில் பத்திரமாக வைத்த பெட்டியை மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் எடுத்து இழுக்கும்போது ரவைபோல உதிர்ந்துவிடும். பழைய காலணிகளின் அடிப்பாகம் நொறுங்குவதும் இதே காரணத்தால்தான். என் இரண்டாவது பெட்டி இப்படித்தான் போயிற்று, அதுவும் அதிகம் பயன்படுத்தாததனால். கடற்கரையோர ஊர்களில் இருப்பவர்கள் தள்ளுபடி விற்பனையில் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த பெட்டியை வாங்கும் முன் சக்கரத்தின் மேலுறையை நகத்தால் அழுத்திப் பார்க்கட்டும்.

அடுத்தது இழுக்கும் கைப்பிடி. அதை முழுவதுமாக நீட்டி, பெட்டியைக் காலால் அழுத்திக்கொண்டு, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆட்டம் எல்லாக் கைப்பிடியிலும் இருக்கும். அது இல்லாவிட்டால் குழாய்கள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். ஆனால் நெளிவதுபோல் தோன்றினாலோ, பொத்தானை ஒரு ஓரத்தில் அழுத்தும்போது ஒரு குழாய் மட்டும் இறங்கினாலோ அந்தப் பெட்டி வேண்டாம். உயரமானவர்கள் பெட்டியை இழுத்துச் சிறிது தூரம் நடந்து பார்ப்பது அவசியம். கைப்பிடி குட்டையாக இருந்தால் பெட்டியின் அடி ஒவ்வோர் எட்டிலும் குதிகாலில் இடிக்கும். மேற்புறத்திலும் பக்கத்திலும் உள்ள சிறு கைப்பிடிகளையும் மறக்கக் கூடாது. இழுக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவதற்காகச் செய்யவில்லை. ரயில் படியில் ஏற்றும்போது நாம் அதைத்தான் பிடித்துத் தூக்குகிறோம், அது வளைந்து போகிறது.

இப்போது ஓட்டுக்கு வருவோம். ஒரு தலைமுறைக்கு முன், கல்யாணச் சீரில் வி.ஐ.பி. சூட்கேஸ் இடம்பெற்ற நாட்களில், வாங்குகிறவருக்குத் தெரிந்த ஒரே சோதனை கையால் தட்டிப் பார்ப்பது. கெட்டியாக ஒலித்தால் நல்ல பெட்டி. இன்றைய பிளாஸ்டிக்குகளுக்கு இந்தச் சோதனை எதிர்மாறான விடையையே தரும். ஏபிஎஸ் என்ற மலிவான வகை விறைப்பாக இருக்கும், தட்டினால் கெட்டியாகவே ஒலிக்கும். ஆனால் பாரத்தில் வளையும்போது வெண்மை பூத்து விரிசல் விடும். பாலிகார்பனேட் கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டவுடன் பழையபடி எழும்பி வரும். அடியை வளைந்து வாங்கிக்கொள்வதே அதன் பலம். ஏபிஎஸ் தகட்டின் மேல் மெல்லிய பாலிகார்பனேட் படலத்தை ஒட்டி விற்பதும் உண்டு என்பதால், அட்டையில் பாலிகார்பனேட் என்ற சொல் எங்கோ இருப்பது போதாது; ஓடு முழுவதும் அதனால் ஆனதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலிப்ரொப்பிலீன் மூன்றாவது வகை. விலை நடுத்தரம், எடை குறைவு. நிறம் பொருளோடு கலந்தே வார்க்கப்படுவதால் கீறல் பளிச்சென்று தெரியாது. வாரந்தோறும் பயணம் போகிறவருக்கு என்னிடம் யோசனை கேட்டால், நல்ல பாலிப்ரொப்பிலீன் பெட்டியைத்தான் முதலில் சொல்வேன்.

அலுமினியப் பெட்டி அழகுதான், ஆனால் கனம். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நசுங்கலைச் சேர்த்துக்கொண்டு வரும். ஓட்டில் வரிவரியாக ஓடும் பள்ளங்கள் அலங்காரத்துக்கு மட்டும் அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். தட்டையான தகட்டைவிட வரியுள்ள தகடு வளைவை நன்றாக எதிர்க்கும், தகரக் கூரையைப் போல.

துணிப் பெட்டியின் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. மடிக்கணினியையும் பயணச்சீட்டையும் சட்டென எடுக்க வெளிப்பைகள் இருப்பதும், இருக்கைக்கு அடியில் அமுக்கித் தள்ள முடிவதும் அதன் வசதிகள். நூலின் தடிமனைக் குறிக்கும் டெனியர் எண்ணைப் பாருங்கள்: 600 டெனியர் பாலியெஸ்டர் சாதாரணம், 1680 டெனியர் பாலிஸ்டிக் நைலான் உழைக்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் பேருந்தின் கூரைக்கோ திறந்த வண்டிக்கோ போகும் பெட்டி துணியாக இருக்க வேண்டாம்.

ஜிப்பைப் பற்றி ஓர் உண்மை பலருக்குத் தெரிவதில்லை. சுருள் பற்களால் ஆன ஒற்றை வரிசை ஜிப்பைச் சாதாரணப் பேனா முனையால் குத்திப் பிளக்கலாம். பூட்டோடு சேர்ந்த ரன்னர்களை அப்படியே நகர்த்தினால் பிளந்த இடம் மறுபடி மூடிக்கொள்ளும், பெட்டியைத் திறந்ததே தெரியாது. இரட்டை வரிசை ஜிப் இதைத் தடுக்கிறது. ஜிப்பே இல்லாமல் சட்டமும் தாழ்களும் வைத்த பெட்டி இன்னும் பாதுகாப்பானது, ஆனால் எடை கூடும். துணி ஒரு விரற்கடை அதிகமானாலும் மூடாது. ரன்னரின் பின்புறத்தில் ஜப்பானிய ஜிப் நிறுவனமான ஒய்கேகே போன்ற பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத ரன்னர்தான் முதலில் தேய்ந்து வாயைத் திறக்கும்.

டிஎஸ்ஏ பூட்டு என்று பெருமையாகச் சொல்வதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமான நிலையங்களின் சோதனை அதிகாரிகள் பூட்டை உடைக்காமல் தம் பொதுச்சாவியால் திறப்பதற்காக வந்த ஏற்பாடு அது. அந்தச் சாவிகளின் படம் ஒரு நாளிதழில் வெளியாகி, 2015-இல் முப்பரிமாண அச்சுக்கான வடிவங்களாக இணையத்திலும் பரவிவிட்டது. அமெரிக்கா போகிறவருக்குப் பூட்டு உடையாமல் தப்பும். மற்றபடி நகையும் பணமும் கைப்பையில்தான் போக வேண்டும்.

அளவை முடிவு செய்வதற்கு முன் நீங்கள் போகும் வழிகளை எழுதிப் பாருங்கள். இந்திய உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டுபோகும் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 115 செ.மீ., எடை 7 கிலோ என்பதே பொதுவாக உள்ள வரம்பு. இந்த அளவு சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்தது. விளம்பரத்தில் 55 செ.மீ. என்று போட்டிருப்பது ஓட்டின் உயரமாக மட்டும் இருக்கலாம் என்பதால், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளப்பதில் தவறில்லை. வெறும் பெட்டியே 3 கிலோ இருந்தால் துணிக்கு மிஞ்சுவது 4 கிலோதான். ஆகவே சிறு பெட்டியில் ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு. சரக்கில் போடும் பெரிய பெட்டிக்குப் பன்னாட்டு விமானங்களில் மூன்று அளவும் சேர்ந்து 158 செ.மீ. என்பது வழக்கமான எல்லை. எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்ட விடமாட்டார்கள். ரயிலில் பயணிகள் பெட்டிக்குள் கொண்டுபோகும் சூட்கேஸுக்கு 100 × 60 × 25 செ.மீ. என்று ரயில்வே விதி உண்டு. அதில் நம் பெரிய பெட்டிகளை மாட்டிவிடுவது நீளம் அல்ல, தடிமன்தான்: விரிக்கும் ஜிப்பைத் திறந்துவிட்டால் பெட்டி முப்பது செ.மீ.-க்கு மேல் தடித்து, கீழ்ப் படுக்கைக்கு அடியில் நுழையாமல் நடைபாதையில் நின்று எல்லோரிடமும் திட்டு வாங்கும்.

இவ்வளவும் தேறிய பெட்டிகளில்தான் அழகைத் தேட வேண்டும். பளபளக்கும் ஓடு முதல் பயணத்திலேயே கீறிவிடும். மங்கிய பரப்பும் சொரசொரப்பான கோடுகளும் கீறலை மறைக்கும். பூவும் ஊர்ப்படமும் அச்சிட்ட ஓடுகள் கடையில் கண்ணைப் பறிக்கும், ஆனால் மூலைகளில் படம் உரிந்தபின் பார்க்கச் சகிக்காது. கறுப்பு எந்த உடைக்கும் பொருந்தும். ஆனால் விமான நிலையச் சுழல்பட்டையில் வரும் பத்துப் பெட்டிகளில் பாதிக்கு மேல் கறுப்பாகவே இருக்கும். கரும்பச்சை, செங்கல் நிறம், மயில்கழுத்து நீலம் போன்றவை அலுவலகக் கூட்டத்துக்கும் ஒவ்வும், தூரத்திலேயே அடையாளமும் தெரியும். சாம்பல் கலந்த வெள்ளை மட்டும் வேண்டாம். சரக்குப் பட்டையின் கரி அதிலிருந்து போவதே இல்லை.

உத்தரவாதச் சீட்டை வாங்கும் முன்பே படியுங்கள். பத்தாண்டு என்று பெரிதாக எழுதியிருந்தாலும், பெரும்பாலான சீட்டுகள் தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொறுப்பேற்கும். தேய்மானமும் விமான நிறுவனம் கையாண்டதால் வந்த சேதமும் அதில் சேரா. உங்கள் ஊரில் சேவை மையம் இருக்கிறதா, அந்த மாதிரிக்குச் சக்கரமும் கைப்பிடியும் தனியே கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில், ஆண்டுக்கணக்கைவிடப் பெறுமதியானது. பன்னாட்டுப் பயணத்தில் பெட்டி சேதமாகி வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் சாமான் முகப்பில் எழுத்தில் புகார் பதிந்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்கான புகாரைச் சாமான் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்கவோ அனுப்பவோ வேண்டும்.

வாங்கிய பெட்டியை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒரு நிமிடம் கவிழ்த்து வையுங்கள். அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியையும் நூலையும் சிறு கத்தரியால் வெட்டி எடுத்து, சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்து, இளகிய திருகாணி இருந்தால் இறுக்குங்கள். பரணில் ஏற்றும்போது பாலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டாமல் பழைய பருத்திப் புடவையால் மூடி, ஜிப்பைச் சிறிது திறந்தே விடுங்கள். அடுத்த பயணம் தள்ளிப்போனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கீழே இறக்கி, கூடத்தில் இரண்டு சுற்று இழுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.