ஓப்பினலா, விக்டோரினாக்ஸா? பாக்கெட் கத்தி வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினமும் கையோடு ஒரு சின்ன மடக்குக் கத்தி இருக்கட்டும் என்று தேட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கத்திகளில் வந்து நிற்கிறார்கள். ஒன்று, பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் பிறந்த ஓப்பினல்; அதிலும் 8-ஆம் எண் அளவு. மரப் பிடி, ஒரே அலகு, எடை 45 கிராம் பக்கம். இன்னொன்று சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன். மடக்கினால் 91 மில்லிமீட்டர். இரண்டு அலகு, டின் ஓப்பனர், பாட்டில் ஓப்பனர், துளையிடும் ஊசி, முள் பிடுங்கும் சிமிட்டா, பல்குத்தி எல்லாம் சேர்ந்து 60 கிராம். இரண்டும் அருமையான கத்திகள். தவறான காரணத்துக்காக வாங்கினால் இரண்டுமே டிராயரில் தூங்கும்.

எதை வெட்டப் போகிறோம் என்று யோசிக்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. வீடியோக்களில் கத்தியால் விறகு பிளக்கிறார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருப்பவர் சாக்குத் தையலைப் பிரிக்கிறார், பார்சல் டேப்பை அறுக்கிறார், நடுவில் ஒரு ஸ்க்ரூவை முடுக்குகிறார். அவருக்கு ஸ்பார்ட்டன்தான் சரி. பழம் நறுக்கவும் சமையலுக்கும் கத்தி தேவைப்படுபவருக்கு ஓப்பினல். அதன் அலகு 8.5 சென்டிமீட்டர், முதுகுப் பக்கமே இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. மல்கோவாவின் கன்னத்தை ஒரே இழுப்பில் எடுத்துவிடும். ஸ்பார்ட்டனின் குட்டை அலகுக்குப் பழத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும். வெட்டும் சுகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அலகின் மெலிவுதான். ஸ்டீலின் பெயரை வைத்து மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆனாலும் ஸ்டீல் விஷயத்தில் நம் ஊரில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலையை வைத்துக்கொண்டு வாழும் நமக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் எவர்சில்வர் பாத்திரம். அதற்குத் துருவே கிடையாது. கத்தியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பாத்திரத்துக்குப் பரவலாகப் பயன்படும் 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதைக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினப்படாது, அதனால் கூர் நிற்காது. கத்திக்கான ஸ்டெயின்லெஸ் வேறு குடும்பம். கார்பன் கூடுதலாக இருப்பதால் சூடேற்றிக் கடினமாக்கலாம். துருவை எதிர்க்கும் சக்தி அந்த அளவுக்குக் குறைவு. மாங்காயை நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கத்தியை அப்படியே மடக்கி வைத்தால் அதிலும் பழுப்புப் புள்ளி விழும்.

ஓப்பினல் இரண்டு ஸ்டீலில் வருகிறது என்பதைக் கவனிக்காமல் ஆர்டர் போடுகிறவர்கள் நிறைய. அலகில் இனாக்ஸ் என்று பொறித்திருந்தால் அது ஸ்டெயின்லெஸ். மற்றது கார்பன் ஸ்டீல். கார்பன் கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் மாங்காய்ப் புளிப்பு பட்டதும் கறுக்கும், முதல் சில நாட்கள் பழத்தில் இரும்பு வாடை அடிக்கும். துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம் மலை. சேலத்தில் சொன்னபடி கேட்கும் கத்தி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் முரண்டு பிடிக்கும். ஓப்பினலின் பிடி பீச் மரம். மழைக்காலத்தில் சேர்வராயன் மலையில் நாள் கணக்கில் மூடுபனி நிற்கும்போது மரம் ஈரத்தைக் குடித்து உப்பி, அலகை இறுக்கிக்கொள்ளும். நகத்தால் இழுத்தாலும் வராது. சவோய்க்காரர்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பூட்டு வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் தட்டினால் அலகு சற்றே எட்டிப்பார்க்கும். பல்லால் கடித்து இழுப்பதோ, மரத்தை உப்புத்தாளால் தாறுமாறாகத் தேய்ப்பதோ வேண்டாம். வெயில் வந்ததும் மரம் சுருங்கி, அளவுக்கு மீறித் தேய்த்த இடம் லொடலொட என்று ஆடும். காபித் தோட்டத்தில் மழையோடு மழையாக வேலை பார்ப்பவர்களுக்கு நான் ஸ்பார்ட்டனைத்தான் சொல்வேன். அதன் பக்கத் தகடுகள் பிளாஸ்டிக், ஈரம் ஒன்றும் செய்யாது.

கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது நம் கை வழக்கம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கும். மார்கழி மாதத்து ஏற்காட்டில் அது கீலுக்குள் கட்டியாகி நிற்கும். சேலத்து வெயிலில் உறையாது, ஆனால் நாளடைவில் தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசுக்காகும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய்க்கு வேலை வேறு இடத்தில்: பலாப்பழம் வெட்டும் முன் அலகில் தடவினால் பால் ஒட்டாது.

விரல் போகிற தவறு பூட்டு சம்பந்தப்பட்டது. ஸ்பார்ட்டனில் பூட்டே இல்லை, ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான். நம் பக்கம் இழுத்து அறுக்கும் வரை பிரச்சினை இல்லை. முனையால் குத்தித் துளைக்கப் போனால் அலகு மடங்கி விரலில் இறங்கும். துளை போடத்தான் தனி ஊசி வைத்திருக்கிறார்கள், அதை எடுங்கள். ஓப்பினலில் 1955 முதல் சுழலும் வளையப் பூட்டு உண்டு. பலர் அதைத் திருப்பாமலேயே வெட்டுகிறார்கள். திருப்பிவிட்டோம் என்ற தைரியத்தில் பெயின்ட் டப்பா மூடியை நெம்புவதும் தப்பு. அந்த மெல்லிய அலகு நெம்புவதற்குச் செய்ததல்ல, முனை ஒடியும்.

சாணை விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் சாணைச் சக்கரம் பொருந்தும். மெல்லிய மடக்குக் கத்தியைத் தண்ணீர் இல்லாத சக்கரத்தில் வைத்தால் விளிம்பு சூடேறி நீலம் பாயும், கடினம் போய்விடும். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. ஆயிரம் கிரிட் (கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண்) தண்ணீர்க் கல் ஒன்று, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வு, பொறுமை. கல் இல்லாத நேரத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் உள்ள மெருகில்லாத வளையத்தில் மெதுவாக இழுத்தாலே ஓரளவு கூர் திரும்பும்.

சட்டத்தைப் பற்றிய பயம் சிலருக்குத் தேவைக்கு மேல், சிலருக்குத் துளிகூட இல்லை. ஆயுத விதிகள் கத்தியைப் பற்றிப் பேசும்போது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைச் சொல்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கும் உண்டு. இந்த இரண்டு கத்திகளும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பாதுகாப்புச் சோதனை உள்ள இடத்தில் அளவைச் சொல்லி வாதாட முடியாது. கோர்ட்டுக்குப் போகிற அன்று கத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் விமானம் ஏறுவதாக இருந்தால் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள்.