ஐப்பசி மழைக்கு முன் கோல்ப் திடலைத் தயார்படுத்துவது

நுவரெலியாவில் தை மாதக் காலைகளில் கோல்ப் திடல் வெள்ளையாகக் கிடக்கும். ஏறத்தாழ 1870 மீற்றர் உயரம். வானம் தெளிந்த இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிந்துவிடும். அங்கே புல் வெட்டும் வேலையில் இருந்த அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான், எட்டு வயதில் ஒருநாள் குறுக்கு வழி என்று பந்து விழும் குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரையான கிரீனின் குறுக்கே வெறுங்காலோடு ஓடினேன். அவர் ஏசவில்லை. இரண்டு நாள் கழித்து அதே இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நான் ஓடிய வழி முழுக்க என் பாதம் கறுப்பாக, விரல் விரலாகத் தெரிந்தது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து நிற்கும்போது மிதித்தால் உள்ளே எல்லாம் நொறுங்கிப் போகும். வெயில் ஏறி வெள்ளை மறையும்வரை யாரும் இறங்கக் கூடாது. புல்லைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அது.

இப்போது 22 வருடமாகக் கொழும்பில் புல் பார்க்கிறேன். இங்கே இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவதே அரிது. ஆனாலும் புல் தளர்ந்து போகிற ஒரு காலம் இங்கேயும் உண்டு. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்களே, அந்த இரண்டு மாதமும்தான் நம் குளிர்காலம். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை. அதில் கால்வாசிக்கு மேல் ஒக்டோபர், நவம்பரில் மட்டும் கொட்டிவிடுகிறது. மே மாதமும் அந்த மாதங்களில் ஒன்றின் அளவுக்குப் பெய்யும். ஆனால் அதற்குப் பிறகு ஜூலை, ஒகஸ்டில் மழை குறைந்து புல் தேறிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் கிடைக்கும் அந்த இடைவெளியை நழுவவிட்டால் தைப்பொங்கல் வரை கஷ்டம்தான்.

குளிர் நாடுகளில் இதே வேலைக்குப் பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்கள். குழாய்க்குள் நீர் உறைந்து வெடிக்காமல் அழுத்தக் காற்றால் ஊதி வெளியேற்றுவார்கள். பனிக்கடியில் வரும் பூஞ்சைக்கு முன்கூட்டியே மருந்தடிப்பார்கள். ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் பழைய திடலில் குளிர்கால மாதங்களில், கிரீனுக்குப் போகும் நீண்ட புல்வெளியான பேர்வேயில் சின்னப் பாய் ஒன்றை விரித்து அதன்மேல் பந்தை வைத்துத்தான் அடிக்க வேண்டும். நமக்குக் குழாய் உறையாது, பனி விழாது. ஆனால் அவர்கள் செய்வதில் மூன்று காரியம் நமக்கும் அப்படியே பொருந்தும்: மண்ணைத் திறந்துவிடுவது, தழைச்சத்தைக் குறைப்பது, புல்லைக் கொஞ்சம் உயரமாக விடுவது.

நம் கிரீன்களில் இருப்பது பெர்முடா இனம். டிப்வார்ப் என்றும் வேறு பெயரிலும் வரும் கலப்பினங்களுக்கு ஒரு பக்கத்துப் பெற்றோர் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகம்புல்தான். அருகுக்கு வெயில் வேண்டும். எவ்வளவு சூடும் தாங்கும், வெட்ட வெட்டத் தழைக்கும், ஆனால் நிழலில் மெலிந்துவிடும். பத்து நாள் மேகம் மூடினால் பெரிய மரத்தடியில் நட்ட மாதிரிதான். அதனால் நான் முதலில் தொடுவது மரங்களை. ஆடி முடியும்போதே கிரீனுக்குக் கிழக்கே நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களில் தாழ்ந்த கிளைகளைக் கழிக்கச் சொல்வேன். தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து அடிப்பது போல மொட்டையாக அல்ல; காலை வெயில் உள்ளே வர வழி விட்டால் போதும். காலை வெயில் முக்கியம், ஏனென்றால் அந்த மாதங்களில் பிற்பகலில் பெரும்பாலும் இடியோடு மழை வந்துவிடும்.

அடுத்தது துளையிடுதல். இந்த வேலையில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், நீங்களும் செலவழியுங்கள். தேயிலைத் தோட்டத்தில் முள்ளுக் குத்துவது என்போம், அதே காரியம்தான். வருடம் முழுக்க மனிதரும் மெஷினும் ஏறி இறங்கி மண் இறுகிப் போயிருக்கும். மேலே பழைய தண்டும் வேரும் சேர்ந்து பாய் மாதிரி ஒரு படை கட்டியிருக்கும். மழை பெய்தால் அந்தப் படை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குக் காற்றுப் போகாது. துளையிடுவதற்கு முன் குழி வெட்டும் கருவியால் கிரீனில் ஓர் உருளை மண்ணை எடுத்துப் பாருங்கள். நெடுக்காக இரண்டாகப் பிளந்து மூக்குக்கு அருகே கொண்டு போங்கள். நல்ல மண் முதல் மழை மணம் தரும். நடுவில் கறுப்புக் கோடு ஓடி அழுகிய முட்டை வாடை வந்தால், அந்தக் கோட்டுக்குக் கீழே வேர் இருக்காது. அந்தக் கிரீனுக்குத்தான் முதல் இடம்.

வெறும் ஆணி குத்துவது போதாது. மண்ணை வெளியே எடுக்கும் குழாய்ப் பல் வேண்டும். நான் 12 மில்லிமீற்றர் பல்லை 5 சென்ரிமீற்றர் இடைவெளியில், 8 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்குகிறேன். அகல உழுவதைவிட ஆழ உழு என்று சும்மா சொல்லவில்லை. 4 சென்ரிமீற்றர் மட்டும் இறங்கும் பல் அந்தப் பாய்ப் படையைத்தான் கிளறும். வெளியே வந்த மண் உருளைகளைக் கூட்டி அள்ளி, உடனே மணல் போட்டு, பாய்த் துடைப்பத்தால் இழுத்துத் துளைகளுக்குள் தள்ளுங்கள். துளை வாய் வரை நிரம்ப வேண்டும். அரைகுறையாக நிரம்பினால் ஓரம் சரிந்து கிரீன் முழுக்கக் குழி குழியாகிவிடும்.

மணல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் தவறுகிறார்கள். 500 சதுர மீற்றர் கிரீன் ஒன்றுக்குத் துளைகள் மட்டும் 1.8 கன மீற்றர் மணலைக் குடிக்கும். மேலே 3 மில்லிமீற்றர் பரப்ப இன்னொரு 1.5 கன மீற்றர். ஆக ஒரு கிரீனுக்கு ஒரு கியூப்பும் இன்னும் கொஞ்சமும். மணல் கால் மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். லொறி வந்ததும் ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மீதிக்கு நீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மணலின் மேல் சேறு ஒரு படையாகத் தங்கினால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள். அந்தச் சேறு நீங்கள் போட்ட துளையை நீங்களே அடைத்தது போலாகும். சிப்பித் துண்டு மின்னும் கழுவாத கடல் மணலும் வேண்டாம்.

துளை ஆறுவதற்கு நல்ல வெயிலில் இரண்டு மூன்று கிழமை ஆகும். ஆகவே ஆவணி நடுவுக்குள், பிந்தினாலும் செப்டெம்பர் முதல் கிழமைக்குள் முடியுங்கள். புரட்டாசி நடுவில் தொடங்கினால் ஆறாத புண்ணோடு மழைக்குள் போகிறீர்கள்.

உர விஷயத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்த புதிதில், ஒக்டோபர் நடுவில் ஒரு போட்டி இருந்தது. பச்சையாகத் தெரிய வேண்டும் என்று முதல் கிழமையில் தழைச்சத்து உரமான யூரியாவைத் தாராளமாகப் போட்டேன். ஐந்து நாளில் கண்ணைப் பறிக்கும் பச்சை. அப்புறம் எட்டு நாள் வெயிலே இல்லை. ஒன்பதாம் நாள் விடியலில் கிரீனில் எண்ணெய் சிந்தியது போல் கறுத்த திட்டுக்கள். முழங்காலிட்டுப் பார்த்தேன். பனித்துளிகளுக்கு நடுவே புல்லோடு புல்லாகப் பஞ்சு நூல் போல வெள்ளை வலை. விரலால் தொட்டால் இலை வழுக்கிக்கொண்டு கழன்று வந்தது. பித்தியம் என்ற நோய். இரவுச் சூடும் ஈரமும் சேர்ந்தால் ஓடிப் பரவும். திட்டுக்கள் நீர் ஓடும் சரிவிலும் மெஷின் போன கோட்டிலும் நீண்டிருந்தன, அதாவது நாங்களே அதைச் சுமந்து போயிருக்கிறோம். இரண்டு கிரீன்கள் ஜனவரி வரை தேறவில்லை.

அதிலிருந்து என் கணக்கு இதுதான்: வளரும் மாதங்களில் 100 சதுர மீற்றருக்கு மாதம் ஒரு கிலோ யூரியா, இரண்டு தடவையாகப் பிரித்து. செப்டெம்பரில் அதில் பாதி. ஒக்டோபர், நவம்பரில் புல் மஞ்சளித்தால் மட்டும், மழை ஓய்ந்த நாளில், கால்வாசி. அதற்குப் பதில் செப்டெம்பரில் பொட்டாஷ், அதாவது எம்.ஓ.பி., 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோவை இரண்டு தடவையாகப் போட்டு உடனே நீர் தெளியுங்கள். இலையில் தங்கினால் எரித்துவிடும். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த மாதங்களில் எங்களிடம் யூரியாவே இல்லை. நிறம் குறைந்தது உண்மை. ஆனால் அந்த ஐப்பசியில் நோய் நான் பயந்த அளவுக்கு வரவில்லை.

வெட்டும் உயரத்தை ஒரேயடியாக மாற்றாமல், செப்டெம்பர் கடைசியிலிருந்து கிழமைக்குக் கால் மில்லிமீற்றர் ஏற்றுங்கள். நான் கிரீனை 3.5இலிருந்து 4.5 மில்லிமீற்றருக்குக் கொண்டு போகிறேன். ஒரு மில்லிமீற்றர்தான், ஆனால் மேகமூட்டத்தில் அந்த அதிக இலைதான் வேருக்குச் சோறு போடுகிறது. பந்து மெதுவாக உருளுகிறது என்று விளையாடுபவர்கள் குறைப்படுவார்கள். ஏன் என்று அறிவித்தல் பலகையில் முன்னமே எழுதி வைத்தால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள். புல் வெட்டும் ரீல் மெஷினின் கத்தியைத் தீட்டிக் காகிதத் துண்டை வெட்டிப் பாருங்கள். கிழித்தால் இன்னும் தீட்ட வேண்டும். கிழிந்த நுனி வழியாகத்தான் நோய் நுழைகிறது.

சரி, நீர். கொழும்பு தட்டையான, தாழ்ந்த ஊர். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. கான் வெட்டும்போது 100 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவு கிடைத்தால் அதிர்ஷ்டம். பாதி கிடைத்தாலும் நீர் போகும், ஆனால் இலையும் மண்ணும் தங்கும். ஆகவே ஒவ்வொரு நிலத்தடிக் குழாயின் வாயையும் வெயில் காலத்திலேயே தேடிக் கண்டுபிடித்துச் சுற்றிச் செதுக்கி, மேல் முனையிலிருந்து குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டுக் கழுவுங்கள். மறுமுனையில் முதலில் கறுப்பாக, பிறகு மண் நிறமாக, கடைசியில் தெளிவாக வரும். தெளிவாகும்வரை நிறுத்தாதீர்கள். வெளியே உள்ள வாய்க்கால் மட்டம் உயர்ந்தால் நீர் உள்ளே திரும்பி வரும் இடங்களில் ஒருவழிக் கதவு ஒன்று பொருத்துவது நல்லது.

எந்த வரைபடத்தையும்விட நான் நம்புவது செப்டெம்பரின் முதல் பெரிய மழையை. அது பெய்யும்போது குடையும் ஒரு கட்டு மூங்கில் குச்சியும் எடுத்துக்கொண்டு நடப்பேன், இடி இல்லாவிட்டால் மட்டும். நீர் தேங்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி, ஓடும் பாதையில் வெறும் குச்சி. மறுநாள் காலையிலும் சிவப்புக் குச்சியடியில் நீர் நின்றால் அங்கே கான் வேண்டும். மற்ற வேலைகளை ஆட்களிடம் விடுவேன், இதை மட்டும் விடுவதில்லை.

மணல் குழிகளான பங்கர்களுக்கு மேற்பக்க விளிம்பில் ஒரு சிறு வரப்புப் போட்டு மேட்டு நீரைத் திருப்பிவிட்டால் பாதி வேலை மிச்சம். சரிவில் 5 சென்ரிமீற்றர், அடியில் 10 சென்ரிமீற்றர் மணல் போதும். சரிவில் அதிகம் போட்டால் அத்தனையும் கீழே வந்துவிடும். நீர்ப் பம்பின் மோட்டாரும் சுவிட்ச் பெட்டியும் போன வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். தானாக நீர் தெளிக்கும் கடிகாரத்தை அணைக்க மறக்காதீர்கள்.

மழை தொடங்கிய பிறகு பொறுமைதான் வேலை. விடியலில் நீண்ட மூங்கில் கழியைக் கிரீன்மேல் வீசிப் பனித்துளியை உதிர்த்துவிடுங்கள், இலை சீக்கிரம் காயும். காலை ஊன்றினால் குதிகாலைச் சுற்றி நீர் எழும்புகிறதா? அன்று மெஷின் இறங்கக் கூடாது. அப்பாவின் உறைபனிச் சட்டத்தின் கொழும்பு வடிவம் அது. நீர் எழும்பாவிட்டாலும் மண் ஈரமாக இருக்கும் நாளில் கனமான மூன்று ரீல் மெஷினை விட்டுக் கையால் தள்ளுவதை எடுங்கள். குழியைக் கிரீனின் மேட்டுப் பக்கம் மாற்றுங்கள். வழக்கமாக மனிதர் நடக்கும் வழியைக் கயிறு கட்டி அடிக்கடி மாற்றினால் ஒரே இடம் சேறாகாது.

கடைசியாக ஆட்கள். ஐப்பசிப் பிற்பகல் இடி விளையாட்டல்ல. இடிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் கட்டடத்துக்குள் வர வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். சேற்றிலும் கானிலும் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். காலில் புண்ணோடு யாரையும் கானுக்குள் விடாதீர்கள். எல்லாருக்கும் கம்பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். தடுப்பு மாத்திரை பற்றி அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். காய்ச்சல் வந்தால் மழையில் நனைந்தது என்று விட்டுவிடாமல், சேற்று வேலை செய்தவர் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். பந்து கழுவும் பெட்டி, பழைய டயர், பயன்படுத்தாத குழிக் கிண்ணம் எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு அவ்வளவு நீரே போதும்.

இந்த வருடம் எங்கள் மணல் லொறி வெள்ளிக்கிழமை வருகிறது. ஏழாம் கிரீனிலிருந்து தொடங்குகிறோம். போன கிழமை எடுத்த மண்ணில் அங்கேதான் கறுப்புக் கோடு இருந்தது.