கல்லூரி வாசல் ரோடு: நல்லது செய்வதாக நினைத்து நாம் செய்யும் தப்புகள்

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு இன்னொரு வேலையும் தானாக வந்து சேரும். காலை எட்டரையிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அது. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். பொள்ளாச்சிப் பக்கத்து எல்லையான கோபாலபுரம் தாண்டிக் கேரளாவுக்குள் வந்தால் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், தத்தமங்கலம் என்று எந்த வாசலில் நின்றாலும் காட்சி ஒன்றுதான். தேங்காய் லோடு லாரி, பால் வண்டி, சித்தூர்க் கள்ளை வெளி மாவட்டங்களுக்குக் கொண்டுபோகும் வண்டி, நேரத்தைப் பிடிக்க ஓடும் பிரைவேட் பஸ். இவற்றுக்கு நடுவில் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு பிள்ளைகள்.

இத்தனை வருஷத்தில் இந்த ரோட்டைச் சரிசெய்யப் பல பேர் முயன்றிருக்கிறார்கள். நானும் கூட்டத்தில் போய் நின்றிருக்கிறேன். எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் பாதி வேலைகளில் ரோடு முன்பைவிட மோசமாயிற்று. எங்கே தப்பினோம் என்று யோசித்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதல் தப்பு, நடப்பவனுக்குப் புத்தி சொல்வதில் ஆரம்பிப்பது. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் பிள்ளைகள் கையில் தட்டியைக் கொடுத்து ஊர்வலம் விடுவோம். ‘பார்த்து நட, பத்திரமாகக் கட’ என்று எழுதியிருக்கும். அதைப் படிக்க வேண்டியவன் அறுபதில் போய்க்கொண்டிருப்பான். செல்போனைப் பார்த்துக்கொண்டு ரோட்டில் இறங்கும் பிள்ளைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் அதற்கு உயிர் விலையா? தப்பு நடக்கத்தான் செய்யும். நடந்தாலும் ஆள் பிழைக்கிற மாதிரி ரோடு இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது வண்டியின் வேகம்.

கணக்கைப் பாருங்கள். ஓட்டுநர் ஆளைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்கவே ஒரு வினாடி ஆகும். 30 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடியில் வண்டி 8 மீட்டர் வந்துவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஒரு 5 மீட்டர். ஆக 13 மீட்டரில் நின்றுவிடும். 50ல் வந்தால் மொத்தம் 28 மீட்டர் வேண்டும், 60ல் 36. இதெல்லாம் காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஆடி மழையில் தேய்ந்த டயரோடு என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மோதினாலும் அடியின் பலம் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வர்க்கமாக ஏறும். 50லிருந்து 65க்குப் போனால் காரின் முன்பக்கம் மோதிய ஆள் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால்தான் 2020ல் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடுகள், நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலக்கிற இடங்களில் 30 கி.மீ.தான் உச்சம் என்று அறிவித்தன. நம் நாட்டில் 2022ல் மட்டும் ரோட்டில் நடந்து போனவர்களில் 32 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வண்டி அடித்துச் செத்திருக்கிறார்கள். அத்தனை பேருமா பார்க்காமல் நடந்தார்கள்?

கொஞ்சம் விலகிப் போகிறேன். கும்ப மாசத்தில் சித்தூரில் கொங்கன்படை நடக்கும். கொங்குப் படையை விரட்டிய வெற்றிக்கான விழா. கொங்கு வழி வந்த நாங்களும் வெட்கமில்லாமல் போய்க் கூட்டத்தில் நின்று பார்ப்போம். அன்றைக்குக் குழந்தை, கிழவி, பலூன்காரன் எல்லாரும் ரோட்டின் நடுவில்தான். பலகையும் இருக்காது, தட்டியும் இருக்காது. வண்டி அடித்து யாரும் விழுந்ததாக நான் கேட்டதில்லை. அந்தக் கூட்டத்துக்குள் எவனாலும் வேகமாகப் போக முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

கோடு போட்டுவிட்டுப் போய்விடுவது

அடுத்தது ஜீப்ரா கோடு. பெயின்ட் அடித்த மறுநாள் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம். ஆனால் கோடு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ரோடு 7 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்ற கணக்கில்தான் கிராசிங் திட்டமிடுவார்கள். ஆக, கடக்க ஆறு வினாடி. அந்த ஆறு வினாடியில் 50ல் வரும் வண்டி 83 மீட்டர் வந்துவிடும். அதாவது, கால் வைக்கும்போது 83 மீட்டர் தூரத்துக்காவது ரோடு தெரிய வேண்டும். வளைவை ஒட்டியும், புளியமரத்துக்குப் பின்னாலும் கோடு போட்டால் அது பொறி. கோடு இல்லாத இடத்தில் பிள்ளைகள் பயந்து நிற்பார்கள். கோடு இருந்தால் நம்பி இறங்குவார்கள்.

சட்டப்படி, நடப்பவர் ஜீப்ரா கோட்டில் இருந்தால் வண்டி நின்று வழிவிட வேண்டும். 2017ல் வந்த வாகனம் ஓட்டும் விதிமுறைகளிலும் இது இருக்கிறது. எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டையே மேடையாக உயர்த்திக் கட்டினால் நின்றுதான் ஆக வேண்டும். வெறும் பெயின்ட் வெறும் வேண்டுகோள்.

இதைவிட மோசம், பஸ் ஸ்டாப்புக்கு நேர் முன்னால் கோடு போடுவது. பஸ் நிற்கும், பிள்ளை இறங்கும், பஸ்ஸின் மூக்கை ஒட்டியே ரோட்டுக்குள் போகும். பின்னாலிருந்து ஓவர்டேக் பண்ணி வரும் பைக்குக்கு அந்தப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்குப் பைக் தெரியாது. டிரைவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு, பம்பரை ஒட்டி நடக்கும் ஆள் அவர் கண்ணிலும் படமாட்டார். கோட்டைத் தாண்டிப் போய்த்தான் பஸ் நிற்க வேண்டும். அப்போது இறங்கியவர்கள் தானாகவே பஸ்ஸுக்குப் பின்பக்கம் வந்து கடப்பார்கள். ஸ்டாப்பை இருபது முப்பது மீட்டர் தள்ளி வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. எதிரே கடை வைத்திருப்பவன் முனகுவான். நானும் முனகியவன்தான்.

பஸ் என்றதும் கன்செஷன், அதாவது மாணவர்களுக்கான கட்டணச் சலுகை விஷயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. ரோட்டுப் பாதுகாப்புப் பேச்சில் இது வருவதே இல்லை. அரை டிக்கெட்கூட இல்லை, அதற்கும் கீழே கொடுக்கும் பிள்ளைகளைச் சில பஸ்களில் முதலில் ஏறவிடமாட்டார்கள். முழு டிக்கெட் ஆட்கள் ஏறி முடியும்வரை வாசலுக்கு வெளியே ரோட்டில் நிற்க வேண்டும். கிளி (பஸ் வாசலில் நிற்கும் கிளீனரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) டபுள் பெல் அடித்தபிறகு ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுவார்கள். ஒருநாள் ஒரு பெண்ணின் செருப்பு மட்டும் ரோட்டில் கிடந்தது. பஸ் போய்விட்டது. செருப்பை எடுத்துக் கடை வாசலில் வைத்தேன். மறுநாள் வந்து, “அண்ணா, அது என்னோடதுதான்” என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். கை நழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. நடைபாதைக்கு எத்தனை லட்சம் ஒதுக்கினாலும், பிள்ளைகள் வரிசையில் நின்று, நிற்கிற பஸ்ஸில் ஏறும்வரை அந்த ஸ்டாப் பாதுகாப்பு ஆகாது.

மண் அணை மாதிரி ஒரு ஹம்ப்

ஊரில் ஒரு விபத்து நடந்தால் ஒரு வாரத்துக்குள் ராவோடு ராவாக ஒரு வேகத்தடை முளைக்கும். மீதியான தாரைக் கொட்டிக் கூராகக் குவித்து வைத்திருப்பார்கள். கார் அடி தட்டும், கர்ப்பிணிகள் ஆட்டோவை விட்டு இறங்கி நடப்பார்கள். பெயின்ட் இல்லை, முன்கூட்டிச் சொல்லும் பலகை இல்லை, மேலே விளக்கும் இல்லை. இரவில் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பறந்து விழுந்ததை இதே கடை வாசலில் பார்த்திருக்கிறேன். உயிரைக் காக்கப் போட்டது ஆளைச் சாய்த்தது.

முறையான வேகத்தடைக்கு, ரோட்டு அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988லேயே அளவு சொல்லியிருக்கிறது. வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் வெறும் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. 25 கி.மீ. வேகத்தில் போனால் குலுக்காது, மேலே போனால் குலுக்கும். கூர் மேடு மெதுவாகப் போகிற சைக்கிள்காரனையும் சேர்த்துத் தண்டிக்கும். அடுத்து, ஓரத்தில் தண்ணீர் ஓட என்று விடும் ஒன்றரை அடிச் சந்து. பைக்குகள் எல்லாம் மேட்டைத் தவிர்க்க அந்தச் சந்துக்குள்தான் வரும். நடப்பவனும் சைக்கிளும் போகிற இடமும் அதுதான். தண்ணீர்க் குழாயை அடியில் விட்டுவிட்டு, ஹம்ப்பை ஓரம்வரை இழுங்கள்.

அகலமானால் நல்லது என்ற நினைப்பு

‘ரோடு சின்னது, அதனால்தான் இடிக்கிறது, அகலப்படுத்துங்கள்’ என்று மனு போடுவோம். கல்லூரி வாசலில் இது எதிர்மாறான மருந்து. அகலமான நேர் ரோட்டைப் பார்த்தால் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும், கடப்பவனுக்கு ஆறு வினாடி எட்டாகும். திருப்பங்களும் அப்படித்தான். முக்கை உருட்டி வெட்டிவிட்டால் லாரி சிரமமில்லாமல் திரும்பும், பைக் வேகம் குறைக்காமலே திரும்பும்.

நடைபாதைக் கதை தனி. இங்கே நடைபாதை என்றால் ஓடை மேல் போட்ட ஸ்லாப். ஒன்று தூக்கி, ஒன்று உள்வாங்கி, நாலாவது காணாமல் போயிருக்கும். அதில் டிரான்ஸ்பார்மர், விளம்பரப் பலகை, என் கடை உட்பட எல்லாக் கடைகளின் தட்டியும். மனுஷன் ரோட்டில் இறங்காமல் என்ன செய்வான்? தடையில்லாமல் 1.8 மீட்டர் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறி இறங்கும் பாதையில் மூத்தவர்கள் நடக்கமாட்டார்கள். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில்தான், நடப்பதற்கு ஏற்ற நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் கோர்ட் சொன்னது. முறிந்த எலும்பைத் தினம் தினம் பார்த்தவர் போட்ட வழக்கு. நம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் அவர் ஆஸ்பத்திரி. மனுவில் இதைச் சேர்த்து எழுதுங்கள், கொஞ்சம் கனம் கூடும்.

சைக்கிள்காரர்களுக்கு

நடப்பவர் நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரம் போக வேண்டும், எதிரே வரும் வண்டி கண்ணில் படும். சைக்கிள் இடது ஓரம், வண்டிகள் போகும் திசையில். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எதிர்த்திசையில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகள் நிறைய. சந்திலிருந்து வெளியே வரும் வண்டிக்காரன் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டான். நின்றிருக்கும் கார்களை உரசிக்கொண்டு போகாதீர்கள், கதவு திறக்கும் தூரமாவது விடுங்கள். கார்க்காரர்களும் இடது கையால் கதவைத் திறந்து பழகினால் உடம்பு திரும்பும், கண் பின்னால் போகும்.

இந்தப் பகுதிக்கென்றே ஒன்று உண்டு, காற்று. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்குக் காற்று தள்ளும். பொள்ளாச்சிப் பக்கம் பார்த்து மிதிப்பவன் தலையைக் குனிந்துகொண்டுதான் மிதிப்பான், எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. பக்கத்தில் லாரி வந்தால் காற்று சட்டென்று நிற்கும், அது கடந்ததும் மறுபடி அறையும். சைக்கிள் ஒரு முழம் ஆடும். அந்த ஒரு முழத்துக்கு இடம் விடாமல் உரசிப் போகும் டிரைவருக்கு இது தெரிவதில்லை. அந்த மாசங்களில் தலையை நிமிர்த்தி, ஓரத்து மண்ணிலிருந்து இரண்டடி உள்ளே போங்கள். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். சட்டை வெள்ளையா கறுப்பா என்பது இரண்டாம் பட்சம்.

மனு எழுதுவதில் செய்யும் தப்பு

‘அதிவேகமாகச் செல்கின்றன, ஆவன செய்யவும்’ என்று நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். பதில் வரவில்லை. ரோடு நகராட்சியுடையதா, பொதுப்பணித் துறையுடையதா என்றே பார்க்காமல் தப்பான மேசைக்குக் கொடுத்திருந்தோம் என்று எட்டு மாசம் கழித்துத் தெரிந்தது. முதலில் அதை விசாரியுங்கள். விதிப்படி ரோடு போடாததால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198ஏ பிரிவு வந்திருக்கிறது. அதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

அடுத்து, அளந்து எழுதுங்கள். கருவி வேண்டாம். டேப்பில் 50 மீட்டர் அளந்து இரண்டு கோடு கிழியுங்கள். வண்டி முதல் கோட்டைத் தொட்டதும் செல்போன் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள், இரண்டாவதில் நிறுத்துங்கள். ஆறு வினாடி என்றால் 30 கி.மீ. 3.6 வினாடி என்றால் 50. மூன்று வினாடி என்றால் 60. கூடவே எத்தனை பேர் கடந்தார்கள், எத்தனை பேர் பாதியில் திரும்பி ஓடினார்கள் என்றும் குறியுங்கள். ஆள் செத்தபிறகுதான் கணக்கு எடுக்க வேண்டும் என்றில்லை.

போன மாசம் நாலு பிள்ளைகளை வைத்துக் கடைத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் செய்தோம். பஸ்தான் மோசம் என்று எல்லாரும் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தோம். மூணரை மணிக்கு ஒரு பைக் வந்தது. 2.9 வினாடி. எழுதிக்கொண்டிருந்த பையன் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“அண்ணா, அது எங்க கிளாஸ் பையன். எழுதணுமா?”

“எழுதுறா.”