வீட்டுக்கு வெளியே கரண்ட்: இதை முதலில் பாருங்கள்

தோட்டத்து மோட்டார், வாசல் விளக்கு, புல் வெட்டும் மெஷின் என்று வெளியே போகும் லைன் எதுவானாலும், அது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் பாதுகாப்பு சுவிட்ச்) வழியாகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். எம்.சி.பி. (ஃபியூஸுக்குப் பதிலாக போர்டில் இருக்கும் சுவிட்ச்) இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும் (தானாக ஆஃப் ஆகும்), ஒருவர் உடம்பு வழியாகக் கசியும் கரண்டெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது, ஆனால் ஆளைக் கொல்ல அந்தக் கசிவே போதும். ஆர்.சி.சி.பி. அதைக் கண்டுபிடித்து நொடியில் சப்ளையைத் துண்டிக்கும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், விழவில்லையென்றால் தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன் வயர். ஜாயின்ட்டில் டேப் சுற்றியதை ஈரத் தரையில் போடவே போடாதீர்கள், டேப்புக்குள் தண்ணீர் இறங்கும். டிரம்மில் சுற்றிய வயர் என்றால் முழுவதும் பிரித்துவிட்டுத்தான் பெரிய லோடு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்சுற்றுகள் சூடாகி மேலுறை உருகிவிடும். வெளிச் சுவரில் பிளக் பாயின்ட் வைப்பதானால் மூடி போட்டது, தண்ணீரும் தூசும் புகாமல் எவ்வளவு காக்கும் என்பதைக் காட்டும் ஐ.பி. எண் 44-க்குக் குறையாதது.

அலுமினிய ஏணியை மேலே போகும் லைன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். துணி காயப்போட இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு போதும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய்த் தொட்டுவிடாதீர்கள், மெயினை அணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். தெருக் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல், மற்றவர்களையும் விடாமல், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.