ஊர் பேர் தெரியாத காட்டுக்கத்திகளைச் சேர்ப்பது எப்படி

என் முதல் கத்தியை நானே கெடுத்தேன், அதிலிருந்தே தொடங்குகிறேன். கோயம்புத்தூர் உக்கடத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பேரிங்கும் ஸ்பேனரும் கொட்டிக் கிடந்த சாக்கில் அது கிடந்தது. 250 ரூபாய். லேத் ஓட்டுகிறவனுக்குத் துருவைக் கண்டால் கை சும்மா இருக்குமா? அன்று மத்தியானமே சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். சந்தையில் எடுத்த படத்தை ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தால், பிடிக்குச் சற்று முன்னால் பிறை மாதிரி ஒரு குத்தும் மூன்று புள்ளிகளும் தெரிகின்றன. அடித்த ஆசாரியின் அடையாளம். கத்தியில் அது இப்போது இல்லை.

ஆகவே, வாங்கினதும் துடையுங்கள், தேய்க்காதீர்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணி போதும். உதிர்கிற சிவப்புத் துருவைப் பித்தளைத் துண்டால் சுரண்டலாம். கறுத்து ஒட்டியிருக்கும் படலத்தைத் தொட வேண்டாம். கத்தியின் வயசு அதில்தான் இருக்கிறது.

சந்தைக்குப் போகும்போது என் பையில் வெர்னியர் (கனம் அளக்கும் கருவி), சின்ன அரம், காந்தம், டார்ச், எண்ணெய்த் துணி இருக்கும். காந்தத்தை நம்பிக் கத்தியை எடை போடாதீர்கள். கத்திக்குப் போடும் துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டும். பூண் பித்தளையா, பித்தளை முலாம் பூசிய இரும்பா என்று பார்க்க மட்டுமே அது உதவும்.

வெர்னியர்தான் நிறையச் சொல்லும். முதுகின் கனத்தைப் பிடிப்பக்கம், நடு, முனை என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். சுத்தியலால் அடித்து இழுத்த கத்தி முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகும். என்னிடம் உள்ள ஒன்றில் 6.2, 4.8, 2.9 மில்லிமீட்டர். மூன்று இடத்திலும் ஒரே கனம் என்றால், பெரும்பாலும் தகட்டை வெட்டித் தேய்த்துச் செய்தது. அதுவும் கை வேலைதான், ஆனால் கொல்லுப்பட்டறை வேலை என்று சொல்லி விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அப்புறம் அரம். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வெட்டும் வாயின் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு இழுப்பு. அரம் வழுக்கினால் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், நன்றாக ஏறியிருக்கிறது. வெண்ணெய் மாதிரி கடித்தால் பச்சை இரும்பு, அல்லது எப்போதோ அடுப்பில் கிடந்த கத்தி. விரிசல் பார்க்க வீட்டில் ஒரு வழி: மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் வைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் ஈரக்கோடாகத் தெரியும். சாக்பீஸ் இல்லாத அன்று விபூதி போட்டிருக்கிறேன். வேலை செய்தது.

எலுமிச்சைச் சாறும் ஒரு சாட்சிதான். பழைய காலத்தில் இரும்பு உடம்புக்கு நடுவில் எஃகு வைத்து அடிப்பார்கள். விளிம்பை ஒட்டி ஒரு சொட்டு தடவினால் எஃகு கறுக்கும், இரும்பு அவ்வளவாகக் கறுக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு நெளிந்து போவதைப் பார்த்தால் கத்தியைக் கீழே வைக்க மனசு வராது. பார்த்ததும் கழுவித் துடைத்துவிடுங்கள்.

விற்பவர் சொல்லும் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். குடகில் நூறு வருஷம் ஒரே குடும்பத்தில் இருந்தது என்று சொல்லி ஒருவர் எனக்கு 1,800 ரூபாய்க்கு ஒரு கத்தி விற்றார். வீட்டில் வந்து பூணைக் கழற்றினால், பிடிக்குள் போகிற வாலின் ஓரத்தில் பாதி வட்டமாக ஒரு ஓட்டை. லாரி ஸ்பிரிங் பட்டையின் நடு போல்ட் போகிற ஓட்டை! நூறு வருஷத்துக்கு முன்னால் குடகில் எத்தனை லாரி ஓடியிருக்கும்? ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், என்னிடம் உள்ளவற்றில் மூங்கிலைப் பிளக்க அதைவிட நல்ல கத்தி கிடையாது.

காலத்தைத் தோராயமாகக் கணிக்கச் சில பிடிமானங்கள் உண்டு. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியது 1913-இல், பிளஸ் ஸ்குரூ 1930-களில் வந்தது. வாலை அரக்கு வைத்து இறுக்கியிருந்தால் பழைய முறை, எபாக்ஸிப் பசை என்றால் சமீபத்து வேலை. ஆனால் பிடியை மாற்றுவது சகஜம். புதுப்பிடிக்குள் பழைய அலகு இருக்கலாம். டமாஸ்கஸ் (எஃகுக்குள்ளேயே அலைக்கோடு ஓடும் வகை) என்று விற்கும் கத்தியில் அலைக்கோடுகள் முதுகின்மேலும் தொடர்கின்றனவா என்று பாருங்கள். பக்கங்களில் மட்டும் இருந்தால் அமிலத்தால் வரைந்த கோலம்.

மான் கொம்புப் பிடி, தந்தப் பிடி வேண்டவே வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வீட்டு வேலை, விவசாயம், தொழில் மாதிரியான வேலைகளுக்கு என்று செய்தவை தவிர, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுத விதிகளுக்குள் வரும். பாளை சீவுகிற அகல அரிவாளைச் சண்டை ஆயுதம் என்று பெருமையாக விற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், விலை இறங்கும்.

ஒவ்வொரு கத்திக்கும் பிடியில் நூல் கட்டி ஒரு நம்பர் போடுங்கள். நோட்டில் மூன்று பத்தி: விற்றவர் சொன்னது, நான் கண்டது, நான் நினைப்பது. முதல் இரண்டும் பேனாவில், மூன்றாவது பென்சிலில். அந்தப் பிறை அடையாளத்தைப் படத்திலிருந்து பார்த்து நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். இன்னொரு கத்தியில் அதே குத்து கிடைத்தால், இரண்டும் ஒரே பட்டறை என்றாவது எழுதலாம். அதுவரை மூன்றாவது பத்தி காலி.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு அலகைத் துருப்பிடிக்க வைக்கும். உறையைத் தனியாக வையுங்கள். அலகுக்குத் தையல் மிஷின் எண்ணெய் மெல்லியதாக. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும், மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வையுங்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.